ஏழு வருஷம் ஆயுளானது எப்படி?

கேள்வி: தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் எங்கள் சால் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) கமிட்டிக்கு நான் செயலாளர். 2019-ல் குழாயடியில் தண்ணீர்த் தகராறு. கைகலப்பை நாங்கள் விலக்கிவிட்டோம். ஒரு பையன் தன் கோலிக்கு (ஒற்றை அறை வீட்டுக்கு)ப் போய்க் கத்தியோடு திரும்பி வந்து, இன்னொரு பையனை மார்பில் ஒரே குத்துக் குத்தினான். குத்துப்பட்டவன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டான். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம்தான், எனக்கு வேண்டியவர்கள்தான். செஷன்ஸ் கோர்ட் 304 இரண்டாம் பகுதியில் (கொலையாகாத மரணம்) 7 வருஷம் கொடுத்தது. பையன் ஜாமீனில் வந்தான். அரசும் இறந்தவனின் அம்மாவும் அப்பீல் போனார்கள். போன வாரம் ஹைகோர்ட் அதை 302 (கொலை) ஆக்கி ஆயுள் தண்டனை விதித்து, நாலு வாரத்தில் சரணடையச் சொல்லிவிட்டது. ஒரு வரிசையில் பட்டாசு வெடித்தார்கள். எதிர் வரிசையில் 'டிவிக்காரனுக்குப் பயந்து எழுதின தீர்ப்பு', 'ஒரே குற்றத்துக்கு ரெண்டு தடவை தண்டனையா', 'ஒரே குத்துதானே' என்கிறார்கள். 'ஆயுள்னா பதினாலு வருஷம், வந்துருவான்' என்கிறார்கள் வேறு சிலர். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பே இரண்டாகிவிட்டது, அட்மின் நான்தான். இதில் எது சரி? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள அண்ணாச்சி,

குரூப்பில் யார் சொல்வது சரி என்று பார்ப்பதற்கு முன்னால் தீர்ப்பைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பாம்பே ஹைகோர்ட் இணையதளத்தில் அப்பீல் எண்ணும் வருஷமும் கொடுத்தால் கிடைத்துவிடும். முழுவதையும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் மூன்று இடங்களை மட்டும் பாருங்கள். செஷன்ஸ் கோர்ட் முதலில் எந்தப் பிரிவில் குற்றச்சாட்டு வனைந்தது, எந்தெந்தச் சாட்சியத்தை இரண்டு கோர்ட்டும் நம்பின, கடைசிப் பக்கத்தில் உத்தரவு என்ன என்பதுதான் அந்த மூன்றும்.

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், ஹைகோர்ட் புதிதாக ஒரு சாட்சியையும் கேட்கவில்லை, புதிதாக ஒரு சம்பவத்தையும் கண்டுபிடிக்கவில்லை. குத்தியது யார், எங்கே, எதனால் என்பதில் கீழ்க்கோர்ட் சொன்னது அப்படியே இருக்கிறது. அதே நிகழ்ச்சிக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது. குரூப்பில் சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

'ரெண்டு தடவை தண்டனை' என்பதை முதலில் முடித்துவிடுவோம். அரசியல் சட்டத்தின் 20(2) தடுப்பது, ஒரு வழக்கு முடிந்து தண்டனை பெற்றவனை அதே குற்றத்துக்காக இன்னொரு வழக்குப் போட்டு மறுபடி தண்டிப்பதை. அப்பீல் இன்னொரு வழக்கு இல்லை, அதே வழக்கின் தொடர்ச்சி. 302-ல் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு 304 கொடுத்தால், சட்டத்தின் கணக்கில் அவன் 302-லிருந்து விடுதலையாகிவிட்டான். அந்த விடுதலையை எதிர்த்து அரசு ஹைகோர்ட்டின் அனுமதி பெற்று அப்பீல் போகலாம். இறந்தவனின் அம்மாவும் போகலாம். குறைந்த குற்றத்துக்குத் தண்டித்தால் பாதிக்கப்பட்டவர் அப்பீல் செய்யும் உரிமை 2009-ம் வருஷக் கடைசி நாளிலிருந்து குற்றவியல் நடைமுறைச் சட்டம் 372-ல் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பி.என்.எஸ்.எஸ்.ஸில் அது 413. அவருக்குத் தனி அனுமதியும் தேவையில்லை என்று 2018-ல் கர்நாடகத்திலிருந்து வந்த மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'பிரிவு சரிதான், ஆனால் தண்டனை குறைச்சல்' என்று அந்த அம்மா மட்டும் அப்பீல் போயிருந்தால் மனு நின்றிருக்காது. தண்டனையின் அளவை எதிர்த்து அப்பீல் போவது அரசின் வேலை. பாதிக்கப்பட்டவருக்கு அந்த வாசல் இல்லை என்று 2020-ல் டெல்லியிலிருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்னது. விடுதலை, குறைந்த பிரிவு, போதாத இழப்பீடு என்ற மூன்றுக்குத்தான் அவர் அப்பீல் போகலாம். உங்கள் சாலில் அந்த அம்மாவுக்கு வக்கீலாக இருந்தவர் சரியான வாசலைத்தான் தட்டியிருக்கிறார்.

அடுத்தது 'ஒரே குத்துதானே'. இந்த வழக்கின் உயிர்நாடியே இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்ததால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். 304 இரண்டாம் பகுதி, கொல்லும் எண்ணமோ, மரணம் விளைவிக்கக்கூடிய காயத்தை உண்டாக்கும் எண்ணமோ இல்லாமல், 'இப்படிச் செய்தால் ஆள் செத்துப்போகலாம்' என்று தெரிந்து மட்டும் செய்பவனுக்கானது. அதிகபட்சம் 10 வருஷம். எண்ணம் இருந்தது, ஆனால் திடீர்ச் சண்டை போன்ற விதிவிலக்கு ஒன்று பொருந்துகிறது என்றால் முதல் பகுதி. எண்ணமும் இருந்து விதிவிலக்கும் இல்லையென்றால் 302.

காயங்களின் எண்ணிக்கை இதைத் தீர்மானிப்பதில்லை. 1958-ல் பஞ்சாபிலிருந்து வந்த விர்சா சிங் வழக்கில் வயிற்றில் ஈட்டியால் ஒரே ஒரு குத்து. அந்தக் குறிப்பிட்ட காயத்தை உண்டாக்க நினைத்துத்தான் குத்தினானா, அந்தக் காயம் இயல்பான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதா என்று பார்த்தால் போதும், 'சாகடிக்க நினைத்தாயா' என்று தனியாகத் தேட வேண்டியதில்லை என்று நீதிபதி விவியன் போஸ் எழுதினார். அறுபது வருஷத்துக்கு மேலாக எல்லா செஷன்ஸ் கோர்ட்டிலும் இந்த அளவுகோல்தான். இரண்டாவது கேள்விக்கான பதில் போஸ்ட்மார்ட்டம் டாக்டரின் வாக்குமூலத்தில் இருக்கும். காயம் மார்பின் எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர் ஆழம், நுரையீரலோ இதயமோ கிழிந்ததா, 'இயல்பான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானது' என்ற வாக்கியத்தைக் கூண்டில் நின்று அவர் சொன்னாரா என்று பாருங்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு வாங்க பப்ளிக் பிராசிக்யூட்டர் மறந்துவிட்டால் வழக்கு 304-க்குச் சரிந்துவிடும். அப்படிச் சரிந்த வழக்குகள் ஏராளம்.

இனி திடீர்ச் சண்டை. எது கொலை என்று சொல்லும் 300-வது பிரிவின் நான்காவது விதிவிலக்குக்குள் வர, முன்திட்டம் இருக்கக் கூடாது, சண்டை திடீரென்று மூண்டிருக்க வேண்டும், அந்த ஆத்திரச் சூட்டிலேயே குத்து விழுந்திருக்க வேண்டும், எதிராளியின் பலவீனத்தைப் பயன்படுத்தியிருக்கவோ கொடூரமாக நடந்திருக்கவோ கூடாது. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். உங்கள் சால் பையன் விஷயத்தில் முறிவது மூன்றாவது இடத்தில்தான். நீங்கள் விலக்கிவிட்டீர்கள், அவன் கோலிக்குப் போனான், கத்தியை எடுத்தான், திரும்பி வந்தான். எதிரே நின்றவனிடம் ஆயுதம் இருந்ததாக நீங்கள் சொல்லவில்லை. குழாயடிக்கும் கோலிக்கும் நடுவில் உள்ள அந்தச் சில நிமிஷங்களை செஷன்ஸ் நீதிபதி சண்டையின் தொடர்ச்சியாகப் பார்த்தார், ஹைகோர்ட் நீதிபதிகள் புது முடிவாகப் பார்த்தார்கள். இரண்டு தீர்ப்புக்கும் உள்ள வித்தியாசம் அநேகமாக இவ்வளவுதான்.

302 என்று வந்துவிட்டால் '7 வருஷம் போதும், 10 போதும்' என்று சொல்ல எந்த நீதிபதிக்கும் அதிகாரம் கிடையாது. அந்தப் பிரிவில் இருப்பதே ஆயுள் அல்லது மரணம், அதோடு அபராதம். ஹைகோர்ட் கொடுத்தது அந்தப் பிரிவின் குறைந்தபட்சத் தண்டனை. 'இரக்கமே இல்லாத பெஞ்ச்' என்று குரூப்பில் யாராவது எழுதினால் அவருக்கு இதை அனுப்பிவையுங்கள்.

டிவிக்குப் பயந்து எழுதிய தீர்ப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டத்தின் சத்தம் கோர்ட்டில் கேட்பதே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். மும்பையிலேயே இரண்டு பெரிய வழக்குகள் இருக்கின்றன, இரண்டும் எதிரெதிர்த் திசையில் போனவை.

1959-ல் கடற்படைக் கமாண்டர் நானாவதி, தன் மனைவியோடு தொடர்பிலிருந்தவரைச் சுட்டுக் கொன்றார். பம்பாயில் பெருங்கூட்டம் நானாவதியின் பக்கம். 'பிளிட்ஸ்' வார இதழ் அவருக்காகவே வரிந்துகட்டி எழுதியது. ஜூரியில் (வழக்கைக் கேட்டு முடிவு சொல்ல அமர்த்திய பொதுமக்களில்) எட்டுப் பேர் குற்றமற்றவர் என்றார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். ஹைகோர்ட் கொலை என்று தீர்த்து ஆயுள் கொடுத்தது. 1961 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அங்கேயும் திரும்புமுனை உங்கள் குழாயடி மாதிரிதான். மனைவி விஷயத்தைச் சொன்னதற்கும் துப்பாக்கி வெடித்ததற்கும் நடுவில் அவர் குடும்பத்தைச் சினிமாக் கொட்டகையில் விட்டுவிட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி, அதன் பிறகுதான் அந்த வீட்டுக்குப் போனார். மூன்று மணி நேரத்தில் ஆத்திரம் தணிந்திருக்க வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட். ஊரே ஒரு பக்கம் நின்றும் தீர்ப்பு மறுபக்கம் போனது. அவர் பின்னால் வெளியே வந்தது ஆளுநரின் மன்னிப்பால். கோர்ட் தன் தீர்ப்பை மாற்றவில்லை.

இரண்டாவது, 2006 நவம்பரில் பாந்த்ரா கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் மேல் கார் ஏறிய வழக்கு. 7 பேர் இறந்தார்கள், 8 பேருக்குக் காயம். கீழ்க்கோர்ட் அதைக் கவனக்குறைவு என்ற 304-ஏ பிரிவில் வைத்து 6 மாதம் கொடுத்தபோது நகரமே கொதித்தது. ஹைகோர்ட் தானாகவும் நோட்டீஸ் விட்டது, அரசும் அப்பீல் போனது. 2007-ல் அது 304 இரண்டாம் பகுதியாக உயர்ந்து 3 வருஷம் ஆனது. 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தபோது, 3 வருஷம் மிகக் குறைவு, ஆனால் கூட்டச் சொல்லி அரசு எங்களிடம் அப்பீல் செய்யவில்லை, அதனால் அதற்குள் போகவில்லை என்று எழுதிவைத்தது. ஏழு உயிருக்கு மூன்று வருஷம் போதாது என்று நீதிபதிகளுக்கே தோன்றியும், மனு இல்லாததால் கை வைக்கவில்லை. கூட்டத்தின் கோபம் ஒரு வழக்கின் மேல் கவனத்தைத் திருப்பும். பிரிவை மாற்ற வேண்டுமானால் அப்பீலும் சாட்சியமும் கையில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இப்படி நடக்காது என்று குரூப்பில் யாராவது சொன்னால், தென்னாப்பிரிக்க ஓட்டக்காரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் வழக்கைச் சொல்லுங்கள். 2013-ல் பூட்டிய கழிப்பறைக் கதவு வழியாக நான்கு முறை சுட்டார், உள்ளே இருந்த காதலி இறந்தார். கொலையைவிடக் குறைந்த குற்றம் என்று 2014-ல் 5 வருஷம் விதித்தார்கள். 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலையாக உயர்த்தியது. கதவுக்குப் பின்னால் இருந்தது யாராக இருந்தாலும், அந்தச் சின்ன அறைக்குள் நான்கு குண்டு போனால் ஆள் சாவார் என்பது சுட்டவருக்குத் தெரியாமல் இருக்குமா என்பதுதான் அங்கே கேள்வி. மறுபடி 6 வருஷம் விதிக்கப்பட்டு, அரசு மறுபடி அப்பீல் போய், 2017-ல் 13 வருஷம் 5 மாதமானது. குற்றம் எது என்ற முடிவை எதிர்த்து, சட்டப் புள்ளியில் மட்டும்தான் அங்கே அரசு அப்பீல் போக முடியும். நம் ஊரில் சாட்சியத்தையும் புரட்டிப் பார்க்கலாம்.

அதற்காக எதிர் வரிசைக்காரர்கள் சொல்வதெல்லாம் புலம்பல் இல்லை. விடுதலையை எதிர்த்த அப்பீலில், இரண்டு பார்வைக்கு இடமிருந்தால் கீழ்க்கோர்ட்டின் பார்வையைக் கலைக்கக் கூடாது என்று 2007-ல் சந்திரப்பா வழக்கில் சுப்ரீம் கோர்ட் வகுத்த நெறி இருக்கிறது. அந்த இடைவெளி இரண்டு நிமிஷமா இருபது நிமிஷமா, எடுத்தது காய் நறுக்கும் கத்தியா, பையனுக்கும் சண்டையில் காயம் பட்டதா, அந்தக் காயத்தைப் போலீஸ் விளக்கியதா என்பதெல்லாம் டெல்லியில், சுப்ரீம் கோர்ட்டில், வலுவாகவே வாதாடக்கூடியவை. கீழ்க்கோர்ட் நீதிபதி காசு வாங்கினார், ஹைகோர்ட் பயந்தது என்பதைவிட இந்த வாதங்களுக்கு ஆயிரம் மடங்கு மதிப்பு உண்டு.

இனி செய்ய வேண்டியது. பையன் வீட்டுக்குத்தான் அவசரம். சரணடையும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். 'வக்கீல் டெல்லியில் பார்த்துக்கொள்வார்' என்று இருந்து தேதியைத் தவறவிட்டால் ஜாமீனில் வர முடியாத வாரண்ட் வரும். அதோடு, ஜாமீன்தாரராக ரேஷன் கார்டைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட பக்கத்து கோலிக்காரரின் பிணைத்தொகையும் பறிபோகும். அவர் பையனின் சொந்தக்காரர்கூட இல்லை என்றால் சால் சண்டை இன்னொரு மட்டத்துக்குப் போய்விடும். சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போடவும் சரணடைந்த சான்று வேண்டும். இல்லையென்றால் சரணடைவதிலிருந்து விலக்குக் கேட்டுத் தனி மனுவும் சேர்த்துப் போட வேண்டும், அது கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. ஹைகோர்ட் ஒரு விடுதலையை மாற்றி ஆயுள் கொடுத்தால், சுப்ரீம் கோர்ட்டுக்கு உரிமையாகவே அப்பீல் போகலாம், சிறப்பு அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். 302-லிருந்து விடுபட்டு 304-ல் தண்டிக்கப்பட்டதும் இந்தக் கணக்கில் விடுதலைதான் என்று மகாராஷ்டிரத்திலிருந்து போன தாராசந்த் வழக்கிலேயே தீர்ந்துவிட்டது. இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 379, பி.என்.எஸ்.எஸ்.ஸில் 420. இதைத் தெரியாமல் வழக்கமான சிறப்பு அனுமதி மனுவாகப் போட்டு, முதல் நாளிலேயே தள்ளுபடியாகும் ஆபத்தை வீணாக விலைக்கு வாங்குகிறவர்கள் உண்டு. வக்கீலிடம் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லியே கேட்கட்டும். பணமில்லையென்றால், காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஜெயிலுக்குள் போன பிறகு கண்காணிப்பாளர் மூலமாகவே அப்பீல் அனுப்பலாம். தகவலுக்கு 15100 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

'பதினாலு வருஷத்தில் வந்துருவான்' என்பது பாதி உண்மைகூட இல்லை. ஆயுள் என்றால் உயிர் உள்ளவரை. 302 போல மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில், 14 வருஷம் நிஜமாக உள்ளே இருந்து முடிப்பதற்கு முன்னால் நடைமுறைச் சட்டப்படி அரசு தண்டனையைக் குறைத்து விடுவிக்கக் கூடாது. அதற்குப் பிறகும் விடுவிப்பது அரசின் முடிவுதான், பையன் உரிமையாகக் கேட்டுப் பெற முடியாது. அவன் விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் கணக்கில் சேரும், ஜாமீனில் வெளியே இருந்த நாட்கள் சேராது.

குரூப்புக்கு வருவோம். முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது நீதிமன்ற அவமதிப்பு ஆகாது. 1971 சட்டத்தின் 5-வது பிரிவே அப்படிச் சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தின் கணக்கில் உங்கள் வழக்கு இன்னும் முடியவில்லை. அப்பீல் போனால் அது தீரும்வரை, போகாவிட்டால் அதற்கான காலக்கெடு கழியும்வரை நிலுவையில் உள்ளதாகத்தான் அர்த்தம். 'இந்தத் தீர்ப்பு தப்பு, திடீர்ச் சண்டை விதிவிலக்கு பொருந்தும்' என்று எழுதலாம். 'நீதிபதி விலை போனார்' என்றால் ஆபத்து. சாட்சி சொன்னவரின் கோலி எண்ணையோ போட்டோவையோ போடுவதும், 'வெளியே வந்தா பார்த்துக்கலாம்' என்பதும் நேராக மிரட்டல் வழக்குக்குக் கொண்டுபோகும்.

அட்மின் என்பதாலேயே மற்றவர் போட்டதற்கு நீங்கள் குற்றவாளி ஆக மாட்டீர்கள். பொது நோக்கமோ கூட்டுத் திட்டமோ இல்லாமல் அட்மின் மேல் பழி போட முடியாது என்று பாம்பே ஹைகோர்ட்டின் நாக்பூர் பெஞ்ச் 2021-ல் சொன்னது. இருந்தாலும் மிரட்டல் பதிவைக் கண்டதும் அழியுங்கள், அதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பீல் முடியும்வரை 'அட்மின் மட்டும் பதிவிடலாம்' என்று மாற்றிவிடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. தண்ணீர் வரும் நேரத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம். கமிட்டி பேரில் தீர்ப்பை வரவேற்றோ கண்டித்தோ போர்டு வைக்க வேண்டாம். அப்பீலில் ஒரு வேளை மறுவிசாரணைக்கு உத்தரவானால், சண்டையை விலக்கிவிட்ட நீங்களே சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும். 'நீதான் போர்டு வைத்தாயே' என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்.

இறந்த பையனின் அம்மாவுக்கு இரண்டு வேலை. பையன் டெல்லிக்குப் போவான் என்று தெரிவதால், அங்கே ஒரு கேவியட் ('என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்ற முன்மனு) போட்டு வைத்தால் அவருக்குத் தெரியாமல் ஜாமீன் உத்தரவாகாது. ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருப்பது இதற்குத் துணை. இரண்டாவது பணம். ஹைகோர்ட் அபராதத்திலிருந்து இழப்பீடு கொடுக்கச் சொல்லியிருந்தாலும், அப்பீல் காலம் முடியும்வரை, அப்பீல் போட்டுவிட்டால் அது தீரும்வரை, அந்தத் தொகையைக் கையில் தர மாட்டார்கள். அவர் அதற்காகச் செஷன்ஸ் கோர்ட் அலுவலகத்துக்கு நடையாக நடக்க வேண்டாம். அதற்குப் பதில், அரசின் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தனியாக மனுக் கொடுக்கலாம். இது அபராதத்தோடு சம்பந்தமில்லாதது. முதல் தகவல் அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, இறப்புச் சான்றிதழ், இரண்டு தீர்ப்புகளின் நகல், தாய் என்பதைக் காட்டும் ரேஷன் கார்டு, ஆதார், அவர் பேரில் உள்ள வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். 2019-ல் நடந்ததற்கு இப்போது ஏன் மனு என்று கேட்பார்கள். அப்பீல் நடந்துகொண்டிருந்ததைக் காரணமாக எழுதி, தாமதத்தை மன்னிக்கக் கோரும் ஒரு பத்தியை மனுவிலேயே சேர்த்துவிடச் சொல்லுங்கள்.